செங்கோலின் முதல் ஆண்டு

பெயரே அதுதான்: செங்கோல் மேரி.
தேவகோட்டைப் பக்கம் கிறித்தவ வீடுகளில்
இப்படிப் பெயர் வைப்பார்கள்.
ஐம்பத்தேழு ஓட்டில் ஊராட்சித் தலைவரானார்.
நான் ஊராட்சிச் செயலர், சோணைமுத்து.
இவருக்கு முன் மூன்று தலைவர்களைப் பார்த்தவன்.
மூன்று பேரும் முதல் நாளில் கேட்டது
செக்கில் யார் யார் கையெழுத்து என்று.
இவர் கேட்டார்:
"இந்த ஆபீசுக்கு இதுவரை வராதவர்கள் யார் யார், அண்ணே?"

பட்டியல் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பிறகொரு மாலை, மின்சாரம் இல்லாத நேரம்,
அவர்கள் வேதத்து இளம் ராஜாவைப் பற்றிச் சொன்னார்.
கனவில் கடவுள் வந்து என்ன வேண்டும் என்றாராம்.
ஆயுள் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை,
பகைவன் தலையும் கேட்கவில்லை,
கேட்டுக்கொள்ளத் தெரிந்த நெஞ்சு ஒன்று கேட்டானாம்.
மரியாதைக்குத் தலையாட்டினேன்.
கனவில் எதையும் கேட்கலாம்.
ஆடிட்காரர் கனவில் வருவதில்லை.

சித்திரையில் வழக்கு வந்தது.
ஊரணி மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா?
அடியில் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர்,
கரையில் இருநூறு பேர்.
செங்கோல் சொன்னார்:
"நடுவில் மண் கொட்டி வரப்பு போடுவோம். ஆளுக்குப் பாதி."
ஒரு பக்கமாவது பதறும்,
ஐயோ வேண்டாம், முழுசாய் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று அழும்.
ராஜா கதையில் அப்படித்தான்.

இரண்டு தெருவும் கை தட்டின.
"மண்ணு எப்ப வரும்?" என்றது ஒரு குரல்.

அன்று அவர் முகம்,
வாளை உருவிவிட்டு
உறையைத் தொலைத்தவர் முகம்.

விடிய ஐந்தரைக்கு என் வாசலில் டார்ச் வெளிச்சம்.
நடந்தோம். வரத்துக்கால் நெடுக,
கருவை முள் விலக்கி, பீங்கான் சில்லு மிதித்து,
நாலரைக் கிலோமீட்டர்.
ஊரணி யாருடையது என்ற கேள்விக்கு அடியில்
தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வி
இருபது வருஷமாய் மூழ்கிக் கிடந்தது,
அதுவும் தண்ணீர் இல்லாமல்.

பெத.வீர. வீட்டுப் பின்கட்டுச் சுவர்
காலை மறித்து நின்றது.
வீட்டில் வவ்வால்கள்.
வாரிசு வெள்ளையப்பன் பினாங்கில்.
போனில் கேட்டார்: "சுவரை உடைத்தால் எனக்கு என்ன தருவீர்கள்?"
"ரசீது தருவேன்," என்றார் செங்கோல்.
அந்தப் பக்கம் நீண்ட சிரிப்பு.
கணக்குப் பார்த்த குடும்பம், ரசீதின் ருசி தெரியும்.
"முத்திரையோடு அனுப்புங்கள்."

ஐப்பசியில் கூரைகளின் மழையெல்லாம்
உடைத்த ஆறடி வழியே
செம்மண் நிறத்தில் உள்ளே வந்தது.
கீழ்ப்படி முங்கிற்று, அடுத்த படி முங்கிற்று,
மண் கேட்டவர்கள் குடையோடு வந்து
எண்ணிக்கொண்டு நின்றார்கள்.
சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை.
சத்தம் குறைந்தது.
நிறைந்த நீருக்கருகே கத்தினால்
தன் குரலே திரும்பி வருகிறது, அதனால் இருக்கலாம்.

மீன் ஏலம் ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.
அங்கன்வாடிக்குக் கதவு வந்தது.
பட்டியலில் இருந்தவர்களில் பதினாறு பேர்
ஆபீசுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.
என் உத்தியோகத்தில் முதன்முறையாக
மிகுதிக் கட்டத்தில் ஓர் எண் எழுதினேன்.
கை பழகாததால்
எட்டு சற்றுக் கோணலாய் விழுந்தது.

பங்குனியில் காரைக்குடிக் காண்டிராக்டர் வந்தார்.
ஊர் முகப்பில் தோரண வாயில், வரைபடம் தயார்:
பர்மாத் தேக்குத் தூண், சலவைக்கல் பீடம்,
மேலே பொன்னெழுத்தில் தலைவர் பெயர்.

அந்த வேதத்தை இரவல் வாங்கி
நான் பின்பக்கங்களையும் படித்துவிட்டேன்.
வரவைப் பார்த்தவன் செலவைப் பார்க்காமல் மூட மாட்டான்.
அந்த ராஜாவும் கடல்வழியே மரம் தருவித்தான்,
பொன்னில் கேடயம் அடித்தான்,
சுமந்தவர்களின் முதுகு
கடைசி அதிகாரங்களில்தான் பேசுகிறது.

"வேண்டாம், பள்ளிக்குக் கழிப்பறை பாக்கி இருக்கிறது,"
என்று செங்கோல் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடுப்பதற்கு முன்
பொன்னெழுத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

அதையும் நான்
தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.